ஊசியக்காவின் கட்டைவிரல்

"இந்தச் சுவரைப் பாருங்க. எல்லாம் கறுப்பு பெல்ட் வாங்கினவங்க. இதுல ஒருத்தராவது இன்னிக்கு இந்த ஹால்ல நிக்கறாங்களா?"

கராத்தே மாஸ்டர் சுவரை நோக்கிக் கை நீட்டினார். சட்டம் போட்ட படங்கள் சுவரில் வரிசையாக விறைத்து நின்றன. மாணவர்கள் அவற்றுக்குக் கீழே அதைவிட விறைப்பாக நின்றார்கள். மாடிப்படி வழியாக, கீழே இருக்கும் மரச்சாமான் கடையின் வார்னிஷ் வாசனை மட்டும் ஏறி வந்துகொண்டிருந்தது.

"பெல்ட் கைக்கு வர்ற வரைக்கும் மாஸ்டர், மாஸ்டர்னு காலைச் சுத்துவாங்க. இடுப்புல கறுப்பு ஏறினதும் கம்பி நீட்டிடுவாங்க. நன்றி கெட்ட ஜென்மங்க! இன்னிக்கு இன்னொரு படம் மாட்டறேன். இது எத்தனை நாள் தாங்குதுன்னு பார்ப்போம்."

அந்த இன்னொரு படத்துக்குச் சொந்தக்காரி முன்வரிசையில் நின்றிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். நாற்பதைத் தாண்டியவள். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் கராத்தே ஹாலில் யாருக்கும் தெரியாது. சின்னப் பிள்ளைகள் வைத்த பெயர் ஊசியக்கா. ஊரார் கையிலெல்லாம் சுருக்கென்று குத்துகிறவளுக்கு அன்று மனசில் சுருக்கென்றது.

"மாஸ்டர், என்னை அந்தக் கூட்டத்துல சேர்க்காதீங்க. நான் ஓட மாட்டேன். ஓடினா என் படத்தைத் திருப்பி, மூஞ்சி சுவரைப் பார்க்கிற மாதிரி மாட்டிடுங்க!"

பிள்ளைகள் கை தட்டினார்கள். மாஸ்டர் சிரிக்காமல் பெல்ட்டைக் கட்டிவிட்டார்.

அவள் சும்மா வாய்ச்சவடால் அடிக்கவில்லை. அந்தப் பெல்ட்டுக்காக அவள் வாங்கிய அடி கொஞ்சமா? மாஸ்டர் அவளைவிட வயதில் சிறியவர். ஆனால் ஹாலுக்குள் வந்துவிட்டால் அக்கா, தங்கை, மாமா, மச்சான் எதுவும் கிடையாது. எல்லாரும் 'நீ'தான். அவர் கையில் எப்போதும் ஒரு மரஸ்கேல் இருக்கும். குதிகால் தூக்கினால் குதிகாலில் டொக். முழங்கை விரிந்தால் முழங்கையில் டொக். ஊசியக்காவுக்கு விழுந்த டொக்கில் பாதி, இடது கைக் கட்டைவிரலில்.

காரணம் அவளுடைய தொழில். ரத்தம் எடுத்து முடித்து ஊசியை உருவியதும், இடது கட்டைவிரலால் பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். காலையிலிருந்து மதியம்வரை அதே வேலை. அந்தப் பழக்கத்தில் சாயங்காலம் முஷ்டி பிடிக்கும்போதும் இடது கட்டைவிரல் மட்டும் மடங்காமல் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

"ஏய், இது என்ன முஷ்டியா, காலிங் பெல் அடிக்கிற கையா? பஞ்சு அமுக்கற பழக்கத்தை வாசல்லயே விட்டுட்டு வா! இந்த விரலோட குத்தினா எதிரிக்கு ஒண்ணும் ஆகாது. உன் விரல்தான் ஒடியும்!"

டொக்.

வலிக்கும்தான். கோபமும் வரும். ஆனால் வீட்டுக்குப் போகும் பேருந்தில் கட்டைவிரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே போவாள். மறுநாள் டொக் விழாவிட்டால் மனசு துள்ளும். அப்படித் திருந்தித் திருந்தித்தான் பெல்ட்டின் நிறம் மாறிக்கொண்டே வந்து கறுப்பில் நின்றது.

பெல்ட் கட்டிய மறுநாள் ஹாலுக்குப் போனாள். மாஸ்டர் எழுந்து நின்று, குனிந்து வணக்கம் வைத்தார்.

"வாங்கக்கா. சாப்டீங்களா?"

ஊசியக்கா திரும்பிப் பின்னால் பார்த்தாள். வேறு யாரோ வந்திருக்கிறார்களோ என்று.

"மாஸ்டர், என்ன புதுசா வாங்க, போங்கன்னு?"

"கறுப்பு பெல்ட் ஆச்சே! நீங்க இனிமே இந்தப் பக்கம் நில்லுங்க. சின்னப் பசங்களை நீங்கதான் பார்த்துக்கணும்."

முதல் வாரம் பெருமையாகத்தான் இருந்தது. அவள் முன்னால் நின்று குத்தினால் வரிசையாகப் பிள்ளைகள் குத்தின. அவள் உதைத்தால் அவையும் உதைத்தன. அதில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி, பொக்கை என்று எல்லாரும் கூப்பிடுவார்கள், ஊசியக்கா தும்மினால்கூடப் பார்த்துத் தும்முகிற ரகம்.

ஆனால் பிள்ளைகள் போன பிறகு, பெரியவர்கள் வகுப்பில் அவள் தன் பயிற்சியைச் செய்வாள். மாஸ்டர் ஸ்கேலோடு சுற்றி வருவார். மஞ்சள் பெல்ட்டுக்கு டொக். பச்சை பெல்ட்டுக்கு டொக். ஊசியக்கா பக்கம் வந்ததும் ஸ்கேல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

"மாஸ்டர், திரும்பினப்ப எப்படி இருந்துச்சு?"

"உங்களுக்கு என்னக்கா, சொல்லவா வேணும்!"

"சொல்லுங்க, கேட்கறேன்ல?"

"பிரமாதம்."

ஒரு மாதம் பிரமாதம். அடுத்த மாதமும் பிரமாதம். ஒருநாள் காய்ச்சலோடு போய்த் தள்ளாடிக்கொண்டே செய்தாள். அதுவும் பிரமாதம். எடுத்ததற்கெல்லாம் பிரமாதம் என்றால் அதற்கு என்ன மதிப்பு? அவளுடைய பரிசோதனை நிலையத்து டாக்டரம்மா, இத்தனை வருஷ சர்வீஸுக்குப் பிறகும், "ரத்தம் புடிச்ச குழாயை மெதுவா கவிழ்த்து எடுன்னு எத்தனை வாட்டி சொல்றது? குலுக்காதே!" என்று சத்தம் போடுவார். முன்பெல்லாம் அதைக் கேட்டால் எரிச்சல் வரும். இப்போது, "இந்தம்மாவாவது நம்மளைப் பார்க்குதே" என்று தோன்றியது.

ஹாலுக்குப் போகப் பிடிக்காமல் போனது. செவ்வாய்க்கிழமை தலைவலி. புதன்கிழமை துணி துவைக்க வேண்டும். வியாழக்கிழமை சும்மாவே.

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். சோபாவில் சாய்ந்தபடி கேட்டார்.

"என்ன, இன்னிக்கும் லீவா?"

"உடம்பு சரியில்ல."

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. லைசென்ஸ் வாங்கியாச்சு, அவ்வளவுதான்! என்கிட்ட லைசென்ஸ் வாங்கிட்டுப் போனவன் ஒருத்தனாவது திரும்பி வந்து, சார், ரிவர்ஸ் இன்னும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கன்னு கேட்டிருக்கானா? நேரா போய் எவன் வீட்டுச் சுவத்துலயாவது இடிப்பான். மனுஷ புத்தி அதான்."

"நான் ஒண்ணும் அப்படி இல்ல!"

"இல்லன்னா கிளம்பு."

வார்த்தை தைத்தது. கிளம்பினாள். ஆனால் ஹாலுக்கு இல்லை. ஹாலுக்குப் போகிற வழியில் ஒரு செருப்புக்கடை. அதன் முதலாளியின் படம் ஹால் சுவரில் முதல் வரிசையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அவர் உதைத்தால் காற்று விசில் அடிக்கும் என்று பேச்சு. ஓடிப்போனவர்களில் முதல் ஆளைப் பிடித்து நாலு கேள்வி நறுக்கென்று கேட்டால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது அவளுக்கு.

செருப்புக்கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரின் காலடியில் குந்தி, அளவு பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் சாய்த்து வைத்த குட்டைக் கண்ணாடிகளில் கால்கள் மட்டும் தெரிந்தன.

"சார், நீங்க ஏன் கராத்தேயை விட்டீங்க?" எடுத்த எடுப்பில் கேட்டாள். "அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிட்டு இப்படி நட்டாத்துல விட்டுட்டு வரலாமா? அந்த மனுஷன் ஒத்தையா நிக்கறாரு. உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "முட்டி வலிம்மா."

"குந்தி உட்கார்ந்திருக்கீங்க!"

"கடையை யாரு பார்ப்பா?"

"கடை வெச்சதுக்கப்புறம்தானே பெல்ட்டே வாங்கினீங்க?"

அவர் செருப்பைப் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு கேட்டார். "இப்ப உன்னை எப்படிக் கூப்பிடறான்? நீன்னா, நீங்கன்னா?"

"நீங்கன்னுதான். ஏன்?"

"எழுந்து நின்னு கும்பிடறானா?"

"ஆமா."

அவர் சிரித்தார். அதில் சந்தோஷம் துளியும் இல்லை. "அப்ப ஆரம்பிச்சாச்சு. போம்மா, போ. இன்னும் கொஞ்ச நாள்ல நீயே வந்து எனக்குப் பதில் சொல்லுவே."

பூடகமாகப் பேசி அனுப்பிவிட்டாரே என்று அவளுக்கு எரிச்சல். பிடிவாதத்துக்காகவே வகுப்புக்கு மறுபடி போக ஆரம்பித்தாள். ஓட மாட்டேன் என்று சொன்னவளாயிற்றே! தவிர, பிள்ளைகளுக்குப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

போட்டி ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் நடந்தது. பொக்கைக்கு முதல் சுற்று நன்றாகவே போனது. அடுத்தது குத்து. நடுவர் அம்மா ஒருவர் தடித்த பஞ்சுப் பலகையைப் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் ஒவ்வொருவராக வலது, இடது என்று முழு வேகத்தில் குத்த வேண்டும்.

பொக்கை வலது கையால் குத்தினாள். பட்டென்று நல்ல சத்தம். இடது கையால் குத்தினாள். சத்தம் பலகையிலிருந்து வரவில்லை. குழந்தையிடமிருந்து வந்தது.

"அம்மா!"

ஊசியக்கா ஓடினாள். கட்டைவிரல் பின்னால் மடங்கி, பார்க்கும்போதே உப்பிக்கொண்டு வந்தது. ஐஸ் வைத்தார்கள். நடுவர் அம்மா குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"கண்ணு, குத்தும்போது கட்டைவிரலை ஏன் வெளியே நீட்டினே?"

"எங்க ஸ்டைல் மிஸ்," என்றாள் பொக்கை, விசும்பலுக்கு நடுவே பெருமையாக. "எங்க ஊசியக்கா இப்படித்தான் குத்துவாங்க."

ஊசியக்காவுக்கு முதலில் புரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவளுடைய பிள்ளைகள் தங்கள் முறைக்காகச் சுவரோரம் நின்று காற்றில் குத்திக்கொண்டிருந்தார்கள். வலது கையெல்லாம் சுத்தமான முஷ்டி. இடது கையெல்லாம் கட்டைவிரல் முன்னால் நீட்டியபடி, வரிசையாகக் காலிங் பெல் அடித்துக்கொண்டிருந்தன.

மெதுவாகத் தன் இடது கையை முஷ்டி பிடித்துப் பார்த்தாள். விரல் நீட்டிக்கொண்டு நின்றது. பஞ்சைத் தேடிக்கொண்டு.

பொக்கையின் அம்மா பக்கத்தில் வந்தாள். கத்தவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. "விளையாட்டுன்னா அடிபடும்னு எனக்கும் தெரியும்க்கா. ஆனா அடிபடறதையே சொல்லிக் கொடுப்பீங்களா?"

அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. விரல் ஒடியவில்லை, சுளுக்குத்தான் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. மூச்சோடு சேர்ந்து கோபமும் வந்தது.

தான் தப்புச் செய்தது சரி. ஆனால் எல்லாருடைய குதிகாலையும் கழுகு மாதிரி பார்க்கிற மனிதர், தன் மூக்குக்கு முன்னால் நீண்டு நின்ற ஒரு கட்டைவிரலைப் பார்க்காமலா இருந்திருப்பார்?

அடுத்த வகுப்பு நாள். ஹால் நிறைந்திருந்தது. பொக்கை கட்டுப் போட்ட கையோடு ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். மாஸ்டர் எழுந்து நின்றார்.

"வாங்கக்கா."

"வணக்கமெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். ஒரே ஒரு கேள்வி. என் கட்டைவிரல் திரும்ப நீட்டிக்கிச்சே, அதை நீங்க பார்த்தீங்களா, இல்லையா?"

மாஸ்டர் ஸ்கேலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "பார்த்தேன்."

"எப்ப?"

"பெல்ட் கட்டின கொஞ்ச நாள்லயே."

"பார்த்துட்டு?"

மாஸ்டர் ஸ்கேலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"வாய்ல என்ன பூட்டா போட்டிருந்தீங்க? நான் அந்த விரலோட தினமும் பசங்க முன்னாடி நிக்கறேன். பசங்க அதைப் பார்த்துப் பழகறதையும் பார்த்தீங்க. வாயைத் திறந்து, அக்கா, விரல்னு ரெண்டு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா? நானா வந்து, சொல்லுங்க, சொல்லுங்கன்னு கேட்டேனே!"

"கறுப்பு பெல்ட்டைத் திருத்தறது தப்புக்கா." மாஸ்டரின் குரல் தாழ்ந்தது. "எனக்கு எங்க மாஸ்டர் சொன்னது அதான். கறுப்பு கட்டினவனைக் குறை சொல்றது, நீயே கட்டின பெல்ட்டை நீயே அவமானப்படுத்தற மாதிரின்னு சொல்லுவாரு. எனக்குப் பெல்ட் கட்டினதுக்கப்புறம் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. மரியாதை, அக்கா. நான் உங்களுக்குக் குடுத்த மரியாதை அது."

"மரியாதையா?" ஊசியக்காவின் குரல் மாடியைத் தாண்டி மரச்சாமான் கடைவரை கேட்டிருக்கும். "இதுக்குப் பேரு மரியாதை இல்ல மாஸ்டர். தண்ணி தெளிச்சு விடறது! உருப்படாத பிள்ளையைத்தான் வீட்டுல எதுவும் சொல்லாம விடுவாங்க. நான் ஊசியைத் தப்பா குத்தினா எதிர்ல இருக்கறவங்க கத்துவாங்க. அவங்க கத்தறதாலதான் இன்னிக்கும் என் கை சுத்தமா இருக்கு. நீங்க கும்பிட்டுக் கும்பிட்டே என் கையைக் கெடுத்துட்டீங்க. இந்தக் குழந்தை விரலை ஒடிக்கப் பார்த்தீங்க. இதுல, ஓடிப்போனவங்க நன்றி கெட்டவங்கன்னு சுவத்துல மாட்டி வெச்சுத் திட்டு வேற! அவங்க எங்க ஓடினாங்க? நீங்கதான் ஒவ்வொருத்தரையா வாசல்வரைக்கும் கொண்டுபோய், கும்பிட்டு அனுப்பியிருக்கீங்க!"

மாஸ்டரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அவருடைய பார்வை சுவருக்குப் போய், ஒவ்வொரு படமாக நகர்ந்து, கடைசியில் புதுப் படத்தில் நின்றது.

"இப்ப என்ன செய்யணும்க்கா?"

"ஸ்கேலை எடுங்க. எல்லார் முன்னாடியும் நான் செய்யறேன். நீங்க வாயைத் திறக்கலன்னா, அந்தப் படத்தை நானே கழட்டி எடுத்துக்கிட்டுப் போறேன். திருப்பி மாட்டற சிரமம்கூட உங்களுக்கு வேண்டாம்."

நடுவில் போய் நின்றாள். ஆரம்பித்தாள். முதல் குத்து. மாஸ்டர் அருகில் வந்தார். ஸ்கேல் உயர்ந்தது. இறங்கியது. அவருக்கு வரவில்லை. ஊசியக்கா அடுத்த குத்துக்குத் திரும்பினாள். விரல் வெட்கமில்லாமல் நீண்டது.

பெஞ்சிலிருந்து பொக்கை கத்தினாள். "மாஸ்டர், விரல்! எனக்கே தெரியுது!"

டொக்.

"கட்டைவிரல்!" என்றார் மாஸ்டர். "மடக்குங்க... மடக்கு!"

மடக்கினாள். உதைத்தாள்.

டொக். "இடுப்பு திரும்பல."

திரும்பினாள்.

டொக். "பார்வை கீழ போகுது." டொக். "தோளை இறக்கு." டொக். "மூச்சை ஏன் புடிச்சு வெச்சிருக்கே?"

ஸ்கேலுக்கு ஒருவழியாகப் பழைய நினைவு திரும்பிவிட்டது. விடாமல் பொழிந்தது. விழ விழ ஊசியக்காவுக்குக் கோபம் தணியும் என்றுதான் நினைத்திருந்தாள். ஏறியது.

"நில்லுங்க. இதெல்லாம் எப்பலேர்ந்து?"

"விரல் அப்புறமா வந்தது. தோள், பெல்ட் வாங்கின வாரத்துலேர்ந்து."

"இடுப்பு?"

மாஸ்டர் தயங்கினார். "அது பெல்ட் வாங்கின அன்னிக்கே இருந்துச்சு."

"அன்னிக்கேவா! திரும்பவே திரும்பாத இடுப்புலயா பெல்ட்டைக் கட்டினீங்க?"

பச்சை பெல்ட்டுகள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டன. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"பெல்ட்டுக்கு அது போதும்," என்றார் மெதுவாக. "அதுக்கு மேலதான் நிஜமான வேலையே இருக்கு. அந்த இடத்துலதான் நான் எல்லாரையும் கை விட்டிருக்கேன்."

ஊசியக்கா அவரை முறைத்தாள். மனசு ஆறவில்லை. ஆறுகிற விஷயமும் இல்லை. ஆனால் வியர்வை வழிய, விரல் எரிய நின்றபோது, நாளைக்கு மறுபடி வர வேண்டும் என்று உடம்பு தானாகச் சொன்னது. இடுப்பு பாக்கி இருக்கிறதே!

கிளம்பும்போது படிக்கட்டில் நின்று சுவரைக் காட்டினாள். "அந்த முதல் வரிசைச் செருப்புக்கடைக்காரர். அவர்கிட்ட என்ன தப்பு இருந்துச்சு?"

மாஸ்டர் யோசிக்கவே இல்லை. அத்தனை வருஷமும் வாய்க்குள்ளேயே வைத்திருந்த பதில்போல வந்தது. "உதைக்கும்போது ஊன்றின கால் குதிகால் எழும்பும். இடது கால்."

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் செருப்புக்கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒருவருக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, பதில் சொல்ல வந்தியா?"

"இல்ல, சேதி சொல்ல வந்தேன். நீங்க உதைச்சா இடது குதிகால் எழும்புமாம். மாஸ்டர் சொன்னாரு."

அவர் கையிலிருந்த ஷூ அப்படியே நின்றது. "யாரு குதிகால்?"

"உங்க குதிகால்தான்."

"என் குதிகாலா? என் உதையில குறையா? அந்தாளா சொன்னான்?" வாடிக்கையாளரின் காலை விட்டுவிட்டு எழுந்தார். "என் மூஞ்சிக்கு நேரா ஒருநாள் சொன்னதில்ல. பிரமாதம், பிரமாதம்னு தலையை ஆட்டியே என்னை வெளியே அனுப்பினான்!"

"நீங்களே பார்த்துக்குங்க. கண்ணாடிதான் இருக்கே."

தரையில் சாய்ந்திருந்த குட்டைக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். கைலியைத் தூக்கிக் கட்டினார். வலது காலை வீசினார். காற்று விசில் அடிக்கத்தான் செய்தது. ஒரு பெட்டியின் மூடி பறந்தது.

கண்ணாடியில் ஊன்றிய கால் மட்டும் தெரிந்தது. குதிகால் தரையிலிருந்து மெல்ல எழும்பி, உட்கார்ந்தது.

இன்னொரு தடவை உதைத்தார். இன்னொரு தடவையும் எழும்பியது.

"எழும்புதுடா!" என்று கத்தினார். முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது. "பார்த்துட்டே இருந்திருக்கான் பாவி! இத்தனை வருஷம் பார்த்துட்டே இருந்திருக்கான்!"

"அண்ணே, எனக்கு இன்னொரு ஷூ..." என்றார் வாடிக்கையாளர், ஒற்றைக் காலில் நின்றபடி.

"நீங்களே மாட்டிக்குங்க சார்!" கடைக்காரர் திரும்பாமலே சொன்னார். பிறகு ஊசியக்காவைப் பார்த்து உறுமினார். "வகுப்பு எத்தனை மணிக்கு?"

"அதே பழைய நேரம்தான்."

"ஸ்கேலை எடுத்து வைக்கச் சொல்லு. நான் வர்றேன்!"